வாசலில் வந்து நிற்கிறது மோட்டார் சைக்கிள்!
வைத்துக்கொள்வதா? விற்பதா?

தை மாதம். ஜல்லிக்கட்டுத் திடலில் ஒலிபெருக்கி அலறுகிறது.

"இன்றைக்கு யாரிடமும் பிடிபடாத சிறந்த காளைக்கு முதல் பரிசு, ஒரு மோட்டார் சைக்கிள்!"

கூட்டம் ஆரவாரம் செய்கிறது. காளையின் சொந்தக்காரர் திகைத்து நிற்கிறார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் நினைத்து வந்தது ஓர் அண்டா, மிஞ்சிப் போனால் ஒரு கட்டில். கிடைத்ததோ மோட்டார் சைக்கிள்! வாழ்நாளில் அவர் அதை வாங்க நினைத்ததும் இல்லை. அவருக்கு அதை ஓட்டவும் தெரியாது.

இரவு காளையும் மோட்டார் சைக்கிளும் ஒரே வேனில் ஊர் வந்து சேருகின்றன. தெருவே கூடி வேடிக்கை பார்க்கிறது. மாலை, ஆரத்தி, மிட்டாய்!

மறுநாள் காலையில் வீட்டில் சண்டை தொடங்குகிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. ஆகவே, அப்படி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து, அதன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி வந்து நிற்கலாம் அல்லவா?

காசு முதல் கார் வரை

மாட்டின் கொம்பில் சல்லிக் காசுகளை முடிந்து கட்டுவார்கள். மாட்டை அடக்கியவருக்கு அந்தக் காசு சொந்தம். அதனால்தான் 'சல்லிக்கட்டு' என்று பெயர் வந்தது என்பார்கள். அதற்கும் முன்னால், சங்க காலத்தில் பரிசு வேறு! காளையைத் தழுவியவனுக்குப் பெண்ணையே மணம் முடித்துக் கொடுத்தார்கள் என்று கலித்தொகை கூறுகிறது.

பிறகு வேட்டி, துண்டு, அண்டா, கட்டில், பீரோ, சைக்கிள் என்று பரிசு வளர்ந்தது. இன்று மோட்டார் சைக்கிளும் காரும் டிராக்டரும் கொடுக்கிறார்கள்.

2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் சென்னை மெரினா கடற்கரையில் மாணவர்களும் இளைஞர்களும் திரண்டார்கள். புதிய சட்டம் வந்தது. 2023 மே 18-ந் தேதி, அந்தச் சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் தீர்ப்புக் கூறினார்கள்.

தடை நீங்கிய பிறகு பரிசுகளும் பெரிதாகிவிட்டன. வீட்டுக்கு வந்து சேரும் பரிசு பெரிதானால், வீட்டில் எழும் கேள்வியும் பெரிதாகிறது.

ஆளுக்கு ஓர் ஆசை

நம்முடைய குடும்பத்துக்கு 3 ஏக்கர் மானாவாரி நிலம். மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கிறார்கள். 2 கறவை மாடுகள் இருக்கின்றன. 4 கிலோ மீட்டர் தூரத்தில் பால் சொசைட்டி. அப்பா காலையும் மாலையும் சைக்கிளில் பால் கொண்டு போய் ஊற்றுகிறார்.

மகள் பெரம்பலூரில் கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். மகனுக்கு 17 வயது. பிளஸ் 2 மாணவன். வீட்டில் அப்பாயியும் இருக்கிறாள்.

ஒரு கடனும் இருக்கிறது. மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த ஆண்டில், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 60 ஆயிரம் ரூபாய் வாங்கினார்கள். 2 ரூபாய் வட்டி. அதாவது, மாதம் 1,200 ரூபாய் வட்டிக்கே போகிறது.

இப்போது வாசலில் வண்டி. ஆளுக்கு ஒரு பேச்சு!

"அப்பா, வண்டி எனக்குத்தான். மாட்டை நடைக்குக் கூட்டிப் போனது யார்? ஏரியில் நீச்சல் விட்டது யார்? மண் குத்தப் பழக்கியது யார்? நான்தானே?" என்கிறான் மகன்.

அவன் சொல்வது உண்மை.

"ஏங்க, வண்டியைக் கொடுத்துவிட்டு என் சங்கிலியை மீட்டுவிடலாமே" என்கிறாள் அம்மா.

இதுவும் நியாயம்.

"ஜெயித்த பொருளை விற்றால் குலசாமிக்கு ஆகாதுடா ராசா" என்கிறாள் அப்பாயி.

"தம்பி, விற்றுவிட்டால் ஊர் என்ன பேசும்? வண்டி வாசலில் நின்றால்தான் மதிப்பு" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வண்டியின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைக்கிறார்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இந்த மூடி வைக்கிற முடிவுதான்!

ஏன்? ஓடாத வண்டியின் பாட்டரி இறங்கும். டயர் கெடும். மாதம் போகப் போக விலை குறையும். அது மட்டும் அல்ல. சாவி ஆணியில் தொங்குகிறது. வீட்டில் 17 வயதுப் பையன் இருக்கிறான். ஒரு நாள் அப்பா வெளியூர் போவார்!

17 வயதும் 25 ஆயிரம் ரூபாயும்

கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதலில் பழகுநர் லைசென்சு வாங்க வேண்டும். 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டி, நிரந்தர லைசென்சு பெறலாம்.

வயது நிரம்பாத பையன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் தண்டனை யாருக்கு? பெற்றோருக்கு அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு! 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 25 ஆயிரம் ரூபாய் அபராதம். 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடைக்காது.

அபராதத்தைக் கட்டிவிடலாம். உயிரை?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. இரவு பகலாக பஸ்களும் லாரிகளும் பறக்கின்றன. அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகள் நிறைந்த பூமி. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் கிராமத்துச் சாலைகளிலும் வருகின்றன. கை பழகாத பையன் அந்த லாரிக்குப் பக்கத்தில் வண்டியை ஓட்டினால் என்ன ஆகும்?

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டில் விபத்தில் இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். ஹெல்மெட் அணியாமல் சென்று இறந்தவர்கள் நாடு முழுவதும் 50 ஆயிரம் பேர்!

இனாமுக்கும் விலை உண்டு

"இனாமாக வந்த வண்டிதானே, செலவு என்ன?" என்று கேட்கலாம். இதோ கணக்கு.

வண்டியின் விலை 90 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பெரம்பலூர் வண்டி என்றால் 'டி.என். 46'. அரியலூர் வண்டி என்றால் 'டி.என். 61'. இந்த எண் வாங்காமல் வண்டியைத் தெருவில் ஓட்டக்கூடாது.

பதிவின்போது ஆயுள் வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் இந்த வரி உயர்த்தப்பட்டது. 1 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள புதிய வண்டிக்கு 100-க்கு 10 ரூபாய். அதற்கு மேல் விலையுள்ள வண்டிக்கு 100-க்கு 12 ரூபாய். நம்முடைய வண்டிக்கு 9 ஆயிரம் ரூபாய் ஆகிறது.

இன்சூரன்சும் கட்டாயம். பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான இன்சூரன்சை, புதிய இரு சக்கர வண்டிக்கு 5 ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் இந்த முறை வந்தது. அதோடு பதிவுக் கட்டணம், நம்பர் பலகை, ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7 ஆயிரம் என்று வைப்போம்.

ஆக, வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் 16 ஆயிரம் ரூபாய்!

அப்புறம் பெட்ரோல். தினம் 20 கிலோ மீட்டர் ஓடினால் மாதம் 600 கிலோ மீட்டர். லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் என்றால் 12 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 1,200 ரூபாய். ஆயில், டயர், ரிப்பேருக்கு மாதம் 300. மொத்தம் மாதம் 1,500. ஆண்டுக்கு 18 ஆயிரம்.

முதல் ஆண்டில் மட்டும் 34 ஆயிரம் ரூபாய் செலவு. அடகுக் கடை வட்டி 14 ஆயிரத்து 400 தனி. சங்கிலியோ அங்கேயே கிடக்கும்!

மகள் கேட்ட கேள்வி

இந்தக் கணக்கைக் கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு நோட்டில் எழுதி, அப்பாவின் முன்னால் வைக்கிறாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்.

"அப்பா! பரிசாக மோட்டார் சைக்கிள் வராமல், 80 ஆயிரம் ரூபாய் பணமாக வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அந்தப் பணத்தில் போய் மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பீர்களா?"

அப்பா யோசிக்கவே இல்லை.

"வாங்கியிருக்க மாட்டேன் பாப்பா. சங்கிலியை மீட்டிருப்பேன்" என்கிறார்.

"அப்படியானால் இப்போதும் அதையே செய்யலாமே!"

வாசகர்களே, இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் வந்த எந்தப் பொருளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். தங்கக் காசுக்கும் பொருந்தும். டி.வி.க்கும் பொருந்தும்.

கையில் வந்த பொருளை விட மனம் வராது. அது மனித சுபாவம். அமெரிக்காவில் தாலர் என்ற பொருளாதார அறிஞரும் அவருடைய நண்பர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1990-ல் அந்தச் சோதனை வெளிவந்தது. ஒரு கூட்டத்தில் பாதிப் பேருக்குக் காபி குடிக்கும் குவளையை இனாமாகக் கொடுத்தார்கள். "என்ன விலைக்கு விற்பீர்கள்?" என்று அவர்களைக் கேட்டார்கள். குவளை கிடைக்காதவர்களிடம், "என்ன விலைக்கு வாங்குவீர்கள்?" என்று கேட்டார்கள். வாங்குபவர் சொன்ன விலையைப் போல் ஏறத்தாழ 2 மடங்கு கேட்டார்கள், குவளை வைத்திருந்தவர்கள்! சற்று முன்பு வரை அது அவர்களுடையது அல்ல. கைக்கு வந்ததும் மதிப்பு கூடிவிட்டது. தாலர் 2017-ல் நோபல் பரிசு பெற்றார்.

குவளைக்கே இப்படி என்றால், மாலை போட்ட மோட்டார் சைக்கிளுக்குக் கேட்கவா வேண்டும்!

வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் யார்?

எல்லோரும் விற்றுவிட வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒரு கொத்தனார் இருக்கிறார். விடியற்காலையில் 25 கிலோ மீட்டர் தூரத்தில் வேலைக்கு நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வண்டி இருந்தால் மாதத்தில் 5 நாள் கூலி கூடுதலாகக் கிடைக்கும். அவரிடம் லைசென்சும் இருக்கிறது. அவர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வண்டி அவருக்குச் சோறு போடும்.

ஆகவே, மகள் கேட்ட கேள்வியோடு இன்னொன்றையும் கேளுங்கள். "இந்த வண்டி இல்லாததால் போன மாதம் எந்த வேலை நின்று போயிற்று?" நின்று போன வேலைகளை எழுதுங்கள். அதனால் போன வருமானத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். மாதம் 1,500 ரூபாய்க்கு மேல் வந்தால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் விற்றுவிடுங்கள்.

நம்முடைய குடும்பத்தில் பால் சைக்கிளில் போகிறது. மகள் பஸ்சில் போகிறாள். அவசரத்துக்கு 108 ஆம்புலன்சு வருகிறது. நின்று போன வேலை ஒன்றும் இல்லை!

விற்பதிலும் முறை உண்டு

விற்பது என்று முடிவு செய்தால், அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

பரிசு வாங்கும்போதே விழாக் குழுவினரிடம் 2 விஷயம் கேளுங்கள். பில் யார் பெயரில் இருக்கிறது? பதிவுச் செலவு யாருடையது? விற்பனைச் சான்றிதழ் உள்பட எல்லாக் காகிதங்களையும் கேட்டு வாங்குங்கள். காகிதம் இல்லாத வண்டி காயலான் கடைக்குத்தான் போகும்.

பில் இன்னும் போடவில்லை என்றால் நல்லது. வாங்குகிறவர் பெயரிலேயே பில் போட முடியுமா என்று ஏஜென்சியில் விசாரியுங்கள்.

உங்கள் பெயரில் பதிவாகிவிட்டதா? அப்படியானால் சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்ற வேண்டும்.

மாற்றாவிட்டால்?

2018-ல் ஒரு கார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அந்தக் கார் பல கை மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. விபத்து நடந்தது. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? "பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் சொந்தக்காரர், அவரே பொறுப்பு" என்பது தீர்ப்பின் சாரம். கார், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். விற்ற வண்டிக்காக வீட்டை விற்க வேண்டி வரலாம். எச்சரிக்கை!

குலுக்கலில் விழுந்தால்?

ஜல்லிக்கட்டில் வந்த பரிசு கண் முன்னே நிற்கிறது. போனில் வரும் பரிசு அப்படி அல்ல.

"உங்கள் எண்ணுக்கு மோட்டார் சைக்கிள் விழுந்திருக்கிறது. வரிக்காக 5 ஆயிரம் ரூபாய் அனுப்புங்கள்" என்று ஒரு குரல் பேசும். நீங்கள் எந்தச் சீட்டும் வாங்கவில்லை. எந்தப் போட்டியிலும் சேரவில்லை. பிறகு எப்படி விழும்? அது மோசடி! பணம் அனுப்பிவிட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் 1968-ல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003-ல் எல்லா லாட்டரிச் சீட்டுக்கும் இங்கே தடை வந்துவிட்டது. கடையில் பொருள் வாங்குகிறவர்களைக் குலுக்கிப் போட்டுப் பரிசு கொடுப்பதையும், 1979-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது.

வெளி மாநிலத்தில் நியாயமான குலுக்கலில் வண்டி விழுந்தால் வருமான வரி உண்டு. 100-க்கு 30 ரூபாய். 90 ஆயிரம் ரூபாய் வண்டிக்கு 27 ஆயிரம். அதன் மேல் 4 சதவீதம் செஸ். மொத்தம் 28 ஆயிரத்து 80 ரூபாய். "எனக்கு வருமானமே குறைவு" என்று சொல்லித் தப்ப முடியாது. சாதாரண வருமானத்துக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. வண்டியைக் கொடுப்பதற்கு முன்பே வரி கட்டப்பட்டிருக்க வேண்டும்.

மாடு உன்னுடையது, கடன் என்னுடையது

சரி, நம்முடைய வீட்டுக்குத் திரும்புவோம்.

மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தொழுவத்தில் காளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா போய் அவன் அருகில் உட்காருகிறார்.

"தம்பி, மாடு உன்னுடையது. கடன் என்னுடையது. உன்னுடைய பொருளை எடுத்து என் கடனை அடைக்கிறேன். அதனால் உன்னிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்" என்கிறார்.

பையன் நிமிர்ந்து பார்க்கிறான். இதுவரை அவனிடம் அப்பா அப்படிப் பேசியது இல்லை.

வண்டி 80 ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது. 60 ஆயிரம் கொடுத்துச் சங்கிலியை மீட்கிறார்கள். மீதி 20 ஆயிரம். அதில் 5 ஆயிரம் காளைக்கு. பருத்திக்கொட்டை, தவிடு, புண்ணாக்கு வாங்க வேண்டும். ஜெயித்தவனுக்குச் சோறு போட வேண்டாமா? 15 ஆயிரம் ரூபாயை மகன் பெயரில் தபால் ஆபீசில் போடுகிறார்கள். 18 வயது ஆனதும் லைசென்சு எடுப்பான். வேலைக்குப் போகும்போது, அந்தப் பணம் அவனுடைய சொந்த வண்டிக்கு முன்பணம்.

அப்பாயிக்கும் மனக்குறை வைக்கவில்லை. வண்டியைக் கொடுப்பதற்கு முன் குலசாமி கோவிலில் நிறுத்திக் கும்பிட்டார்கள். காளையையும் வண்டியையும் மகனையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டினார்கள்.

பெரியப்பாவுக்கு மட்டும் திருப்தி இல்லை.

"வாசலில் வண்டி நின்றிருந்தால் எவ்வளவு மதிப்பு!" என்றார்.

அம்மா பதில் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.